குடல்வால் இல்லாதவரின் விரதம்

முருகனோடு நான் சண்டை போட்டேன் என்று எங்கள் தாமான் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். உண்மைதான், போட்டேன். கிள்ளானில் காலை ஏழரைக்குள் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிடும் வேன்காரி நான். குறுக்கே புகும் லோரிக்காரன், வழிமறித்துக் காரை நிறுத்துகிறவன், பிள்ளையை நேரத்துக்கு எழுப்பாத அம்மா என்று தினமும் யாரோடாவது மல்லுக்கு நின்றுதான் என் பிழைப்பு ஓடுகிறது. அந்த வரிசையில் சாமியும் ஒருநாள் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான்.

சண்டைக்குக் காரணம் என் வீட்டுக்காரரின் குடல். அவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். நாலைந்து வருடங்களுக்கு முன்னால் என் மார்பில் கட்டி வந்து, அறுத்தெடுத்து, முடியெல்லாம் கொட்ட மருந்தேற்றி, ஒருவழியாக நான் பிழைத்து எழுந்தபோது, அவர் பாட்டுக்கு மூன்று வருடம் பத்துமலையில் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேசாமல் வேலையைப் பாருங்கள் என்றிருப்பேன். இரண்டு வருடம் எடுத்து முடித்தார். நான் சொல்ல வந்தது மூன்றாவது வருடத்தைப் பற்றி.

அதற்குமுன் அவருடைய குடல்வாலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருநாள் வலது பக்க அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் பழுத்துப்போயிருக்கிறது என்று உடனே அறுத்து எடுத்துவிட்டார்கள். "அது இருந்தும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான், கவலைப்படாதீங்க" என்றார் அப்போதிருந்த டாக்டர். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், அவரைக் குறை சொல்லி ஆகப்போவதில்லை. வீட்டுக்காரருக்கு அது பெரிய வேடிக்கையாகிவிட்டது. "என் உடம்புல வேலை செய்யாம சம்பளம் வாங்கிட்டு இருந்தவன் ஒருத்தன்தான், அவனையும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க" என்று கிடங்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அந்த ஜோக் அப்போதே பிடிக்கவில்லை. வேன் ஓட்ட வருவதற்கு முன்னால், பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருந்த காலத்தில், என்னைப் பற்றியும் சொந்தக்காரர்கள் "சும்மாதான் இருக்கா" என்றுதான் சொல்வார்கள்.

மூன்றாவது வருட விரதம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பாதி வடிந்து மறுபடி வீங்கியது. கூட வேலை செய்கிறவர் பேச்சைக் கேட்டுப் பூச்சோங்கில் இன்னொரு கிளினிக்குக்குப் போய், முதல் மருந்தைப் பற்றி மூச்சுவிடாமல், அதைவிடக் கடுமையான ஒன்றை வாங்கி வந்தார். வீக்கம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. நல்ல மருந்து என்று நானும் சொன்னேன்.

எங்கள் காவடிக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. விரதம் தொடங்குவதற்கு முன் வயிற்றைக் கழுவ வேண்டும். விளக்கெண்ணெய் குடித்து, பேதியாகி, உள்ளே இருக்கும் மச்ச மாமிசமெல்லாம் வெளியேறிய பிறகுதான் மாலை போடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த எண்ணெயை ஊற்றிக் கொடுப்பது அவருடைய அக்காதான். பிரிக்பீல்ட்ஸில் சாமிச் சாமான் கடை வைத்திருக்கிறார். விபூதியும் சந்தனமும் மயிலிறகும் விற்கிற கை, அதனால் குழுவில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அந்த வருடமும் ரயிலேறி வந்து, தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

பேதியானது. மறுநாளும் ஆனது. அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் சைவம், அது உள்ளே போன வேகத்தில் தண்ணீராக வெளியே வந்தது. குழுவில் இதைக் கேட்டு யாரும் பதறவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. சந்தோஷப்பட்டார்கள். உடம்பு கழிவைத் தள்ளுகிறது, இந்த வருடம் முருகன் அவரை நன்றாகச் சுத்தம் பண்ணுகிறார், போன வருடம் எனக்கு இப்படி ஆகவில்லையே என்று பொறாமைப்பட்டவர்கூட உண்டு. நாத்தனார் போனில் சொன்னார்: "ஒன்னும் இல்ல லா, இத்தனை வருஷம் தின்ன மட்டன் எல்லாம் வெளிய போகுது."

"அவ்வளவு மட்டன் நான் ஆக்கிப் போட்டதே இல்லைக்கா" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சிலுவார்க் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார் மனுஷன். சாயங்காலம் ஆனால் உடம்பு சுட்டது. வயிற்றைப் பிசைகிறது என்று குனிந்து உட்கார்ந்துகொள்வார். குளியலறையில் ஒரு நாற்றம், ஒரு மாதிரி இனிப்பும் அழுகலும் கலந்தது, எந்த மருந்து ஊற்றிக் கழுவினாலும் போகவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று கூப்பிட்டேன். மாலை போட்டிருக்கும்போது ஊசி கூடாது என்றார்.

"உங்களை யாரு ஊசி போட்டுக்கச் சொன்னா? காட்டிட்டு வருவோம்னுதானே சொல்றேன்."

"முருகன் கழுவுறாரும்மா. நீ விடு."

"முருகன் கழுவுனா இப்படியா நாறும்?"

அவர் முகம் சுண்டிப்போய்விட்டது. அப்படிப் பேசியதற்காக எனக்கு அன்று வருத்தம் இல்லை, இப்போதும் இல்லை. நாறியது, நாறுகிறது என்றேன்.

ஒருநாள் மத்தியானம் காலைப் பள்ளிப் பிள்ளைகளையெல்லாம் அவரவர் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். அவர் வேலைக்குப் போகவில்லை. குளியலறைக் கதவுக்குக் கீழே தண்ணீர் ஓடி வந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளினேன், திறக்கவில்லை, அவர் உடம்பே அதைத் தடுத்துக்கொண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாக இழுத்து, மாலையோடும் ஈர வேட்டியோடும் அவரை என் வேனில் பின் சீட்டில் கிடத்தினோம். யாரோ ஒரு பிள்ளை மறந்துவிட்டுப் போன தண்ணீர்ப் போத்தல் அவர் தலைக்கடியில் உருண்டது. ரோடு முழுக்க ஹாரனில் கை வைத்தபடியே ஓட்டினேன்.

வழியில் நாத்தனார் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா மாலையைக் கழட்டச் சொல்லுவாங்க. விரதம் கலைஞ்சிடும்டி."

"கலையட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. உடம்பில் தண்ணீரே இல்லை, கிட்னி வரைக்கும் அடிபடத் தொடங்கியிருக்கிறது என்றார்கள். மலத்தை எடுத்துப் பார்த்த பிறகு தனி அறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் மஞ்சள் பிளாஸ்டிக் அங்கியும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும். வாசலில் தொங்கிய கிருமிநாசினியைக் கையில் தேய்த்துக்கொள்ளப் போனேன். "ஆன்டி, இந்தக் கிருமிக்கு அது பத்தாது. சோப்பு போட்டுத் தண்ணியில நல்லாக் கழுவுங்க" என்று தடுத்தாள் ஒரு டாக்டர் பெண். பெட்டாலிங் ஜெயாக்காரி, என் மூத்த மகள் வயதுதான் இருக்கும். நான் கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொன்னவள் அவள்தான்.

"அங்கிள் இப்ப கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஆன்டிபயாட்டிக் ஏதும் சாப்பிட்டாரா?" என்று முதலில் கேட்டாள். பல் கதையைச் சொன்னேன். இரண்டு கிளினிக், இரண்டு மருந்து. அடுத்து, விரதம், விளக்கெண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நம்ம குடல்ல கோடிக்கணக்குல நல்ல கிருமி இருக்கு ஆன்டி. அதுங்க இடத்தைப் பிடிச்சு உட்கார்ந்திருக்கிற வரைக்கும் கெட்டது வளர முடியாது. பல்லுக்குச் சாப்பிட்ட மருந்து பல்லோட நிக்கல. குடல்ல இருந்த நல்லதையும் சேர்த்து அழிச்சிடுச்சு. காலியான இடத்துல இந்தக் கெட்ட கிருமி புகுந்து பெருகிடுச்சு. அது விடுற விஷம்தான் குடலைப் புண்ணாக்குது. இதுல பேதிக்கு வேற குடுத்திருக்கீங்க."

நான் கொடுக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தபோது பழைய தையலைக் கண்டு, குடல்வால் எடுத்ததா என்று கேட்டாள். ஆமாம், சும்மா இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றேன்.

"முன்னாடி அப்படித்தான் நினைச்சாங்க. இப்ப அப்படிச் சொல்றதில்ல" என்றாள். "அது ஒரு பக்கமா ஒதுங்கி, ஒரு முனை மூடின சின்னக் குழாய் மாதிரி இருக்கும். வயித்தால போகும்போது குடலே கழுவிட்டுப் போனாலும் அதுக்குள்ள இருக்குறது அவ்வளவா அடிச்சிட்டுப் போகாது. நல்ல கிருமி கொஞ்சம் அங்க பத்திரமாத் தங்கியிருக்கும். எல்லாம் ஓய்ஞ்சப்புறம் அங்கேயிருந்து வெளிய வந்து மறுபடியும் குடல் முழுக்கப் பெருகும்னு நினைக்கிறாங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. தயிர்ச் சட்டியை வழித்துக் காலி பண்ணுவதற்கு முன் ஒரு கரண்டி உறைக்கு எடுத்து வைக்கிறோமே, அது. அந்த ஒரு கரண்டி இருந்தால் நாளைக்கும் தயிர் உண்டு. அதைக் கழுவி ஊற்றிவிட்டால் பால் பாலாகவே கிடந்து கெட்டுப்போகும்.

"அப்ப அதை அறுத்தது தப்பா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"தப்பே இல்ல ஆன்டி. பழுத்ததை விட்டிருந்தா வெடிச்சு அங்கிள் அன்னிக்கே போயிருப்பாரு. அது இல்லாததாலதான் இது வந்துச்சுன்னும் என்னால சொல்ல முடியாது. குடல்வால் இல்லாம எத்தனையோ பேரு நல்லா இருக்காங்க, இருக்குறவங்களுக்கும் இந்த நோய் வருது. ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. ஆனா இது திரும்பித் திரும்பி வர்ற நோய். அங்கிள் கிட்ட சேமிப்பு கம்மின்னு நினைச்சுக்கிட்டு நாம ஜாக்கிரதையா இருக்கணும்."

தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போனது. எனக்குக் கோபம் வேறு எங்கேயோ இருந்தது. இத்தனை வருடம் ஒரு மூலையில் உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் காவல் காத்ததைப் போய்ச் சும்மா இருந்தது என்றோமே. அவரும் சிரித்தாரே, ஊரும் சிரித்ததே. ஒரு குடல் துண்டுக்காக ஒருத்தி ரோஷப்படுவாளா என்று கேட்டால், நான் பட்டேன்.

குடிக்கிற மருந்து கொடுத்தார்கள். பேதி நின்றது, வீட்டுக்கு வந்தோம். ஆள் பாதியாகியிருந்தார். தைப்பூசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை நாத்தனார் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பழத்தட்டோடு வந்து இறங்கினார். வந்ததும் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"காவடி வேணாம். அலகு வேணாம். பால்குடமாவது தூக்கட்டும். நான் கூடவே ஏறி வரேன். மூனாவது வருஷம், அப்படியே விட்டுடக் கூடாது."

வீட்டுக்காரர் தலையாட்டினார். மாடிப்படி ஏறவே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், பத்துமலைப் படிக்குத் தலையாட்டினார். நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்தேன்.

"இவர் எங்கேயும் வரமாட்டாரு."

"வேண்டிக்கிட்டது அவன். முடியாதுன்னு சொல்ல நீ யாரு?"

"யாருக்காக வேண்டிக்கிட்டாரு? எனக்காகத்தானே? அது என் உசிருக்கு வெச்ச வேண்டுதல். உசிரு என்னோடது. அப்ப வேணாம்னு சொல்ற பாத்தியதையும் எனக்குத்தான்."

நாத்தனார் பதிலுக்குப் பாய்வார் என்று எதிர்பார்த்தேன். பாயவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அந்த மனுஷி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கு மருந்தேற்றிய காலத்தில், கடையைச் சாத்திவிட்டு வந்து, நான் வாந்தியெடுத்த பேசினைக் கையில் ஏந்தியவர் அவர்தான்.

"நீ பொழைச்சதே அதுனாலதான்டி. பாதியில நின்னுட்டா உனக்குத் திரும்ப வந்துருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. இவனுக்கும் அந்தப் பயம்தான். உன்கிட்ட சொல்லமாட்டான்."

நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த மனுஷன் பேதியில் செத்தாலும் பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டு கிடந்தது பக்தியால் மட்டும் இல்லை. நான் செத்துவிடக் கூடாது என்று. அழுகையோடு கோபமும் வந்தது, எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

"வந்தா வரட்டும்" என்றேன். "வந்தா மறுபடியும் வெட்டிக்கிறேன், மறுபடியும் மொட்டையாகிறேன். என் கட்டிக்கு இவர் குடலை ஈடு வெக்க மாட்டேன். முருகன் அப்படி ஈடு கேக்குற ஆளா இருந்தா, அப்படிப்பட்டவரு கொடுத்த உசிரு எனக்குத் தேவையே இல்ல."

நாத்தனார் காதைப் பொத்திக்கொண்டார். இந்தப் பேச்சுதான் பழத்தட்டு திரும்பிப் போவதற்குள் தாமான் முழுக்கப் பரவியது. போகும்போது அவர் என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாளே வயிற்றுப்போக்கு மறுபடி வந்துவிட்டது. நேரம் பார்த்து வந்தது போல வந்தது. நாத்தனார் போன் செய்து, "பார்த்தியா" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நானும் பயந்தேன். வேனை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் இல்லாத சீட்டுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அவரை ஏற்றிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"சொன்னேனே ஆன்டி, இது திரும்ப வரும்" என்றாள் டாக்டர் பெண். "சாமி குத்தம் எல்லாம் இல்ல. இந்தக் கிருமி விதை மாதிரி உறைஞ்சு குடல்ல ஒளிஞ்சிருக்கும். நல்ல கிருமி பழையபடி வளர்றதுக்குள்ள இது முந்திக்கிச்சு." இந்த முறை மருந்தை நீண்ட நாளைக்குக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கப் போவதாகச் சொன்னாள். அதற்கும் அடங்காவிட்டால், ஆரோக்கியமாக இருக்கிறவருடைய மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து நோயாளியின் குடலுக்குள் செலுத்துகிற வைத்தியம் ஒன்று இருக்கிறதாம், சில இடங்களில் செய்கிறார்களாம்.

"என்னோடதை எடுத்துக்குங்க" என்றேன். "எனக்குக் குடல்வால் பத்திரமா இருக்கு."

அவள் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. "ஆன்டிக்கு கேன்சர் வந்திருக்கு, எடுக்க மாட்டாங்க."

அதற்கும் நான் லாயக்கில்லை. படுத்திருந்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது. "உன்னோடது வேணாம். அதுக்கும் உன்னை மாதிரியே வாய் இருக்கும்" என்றார்.

தைப்பூசத்தன்றும் ஆஸ்பத்திரியில்தான் இருந்தோம். பள்ளி விடுமுறை, வேன் இல்லை, காலையிலேயே போய் மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். கைப்பேசியில் பத்துமலையை நேரலையில் காட்டினார்கள். நான் வேண்டாம் என்றேன், அவர் வை என்றார். உறுமி அடிக்கிற சத்தம் அந்தச் சின்ன அறையில் நிறைந்தது. கும்பல் கும்பலாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர் கண்ணிலிருந்து இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. கையுறை போட்ட கையால் துடைத்துவிட்டேன்.

"உனக்குத் திரும்ப வந்துட்டா என்ன பண்றது?" என்று கேட்டார். இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

"வரும், வராது, அது டாக்டருக்கே தெரியாது. வந்தா பக்கத்துல உட்கார நீங்க இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"சாமி கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும். என்கிட்ட கோவிச்சுக்கட்டும். நீங்க எடுக்கல, நான்தான் விடல. எங்க வந்து கேட்டாலும் நான் அதையேதான் சொல்லுவேன்." இதை அவரிடம் சொல்லவில்லை, கைப்பேசியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று கைப்பேசியை அணைக்கப் போனேன்.

"பசிக்குது" என்றார்.

காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று நான் அப்படியே நின்றேன். விரதம் என்று தொடங்கிய நாளிலிருந்து இந்த வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிடுவார், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார். பசி என்று அவராக ஒன்றைக் கேட்கவில்லை.

கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிக்கொண்டு கீழே ஓடினேன். தமிழாள் கடை எல்லாம் பூட்டியிருந்தது. மலாய்க்கார அக்கா ஒருத்தியின் கடையில் கஞ்சி இருந்தது. பாத்திரத்தோடு கொண்டுவந்து, அங்கியை மாட்டி, கையுறையைப் போட்டு, கட்டிலைத் தூக்கிவைத்து, ஊதி ஊதி ஊட்டினேன். முதல் வாய்க்கு அழுதார். இரண்டாவது வாய்க்கு உப்பு பத்தலை என்றார்.